தரவுத்தள நோடுகள் தங்களுக்குள் பேசுவதை எப்படிக் காப்பது?

சோதனைக்காக மூன்று சர்வர்களில் ஒரு தரவுத்தளக் க்ளஸ்டரை, அதாவது சேர்ந்து ஒரே தரவுத்தளமாக இயங்கும் கணினிக் கூட்டத்தை, நிறுவுங்கள். இரண்டாவது சர்வரில் டிசிபிடம்ப் என்ற கருவியை ஓடவிட்டு, க்ளஸ்டர் பயன்படுத்தும் போர்ட்டில் வந்துபோகும் பாக்கெட்டுகளை எழுத்தாகக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் முதல் சர்வரில் ஒரு வாடிக்கையாளரின் விவரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். திரையில் புள்ளிகளும் புரியாத குறிகளுமாக ஓடும். அவற்றுக்கு நடுவே நீங்கள் தட்டிய பெயர் அப்படியே வந்து நிற்கும். பக்கத்திலேயே தொலைபேசி எண். இரண்டாவது சர்வரிடம் நீங்கள் எதையும் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்த விவரம் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது, வழியில் யார் எட்டிப் பார்த்தாலும் படிக்கிற மாதிரி.

முதன்முறை இதைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு பதற்றம் வந்தது. பாஸ்வேர்டு வைத்திருந்தோம், ஃபயர்வால் வைத்திருந்தோம், எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்திருந்தோம். நோடுகள், அதாவது க்ளஸ்டரில் உள்ள சர்வர்கள், தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் மற்ற எதையும் படிப்பதற்கு முன் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு பதிவு, பல பயணம்

பல கணினிகளில் பரவிக் கிடக்கும் தரவுத்தளத்தைத்தான் டிஸ்ட்ரிபியூட்டட் டேட்டாபேஸ் என்கிறோம். அதில் பங்கேற்கும் ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு. எல்லாம் சேர்ந்தது க்ளஸ்டர். ஒரு நோடு பழுதானாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பதிவுக்கும் பெரும்பாலும் மூன்று பிரதிகளை வெவ்வேறு நோடுகளில் வைப்பார்கள். ஆகவே நீங்கள் எழுதும் ஒரு வரி உங்கள் செயலியிலிருந்து ஒரு நோடுக்குப் போய், அங்கிருந்து மற்ற பிரதிகள் இருக்கும் நோடுகளுக்கும் போகிறது. படிக்கும்போதும் இதே கதைதான். நீங்கள் கேட்ட நோடிடம் அந்தப் பதிவு இல்லையென்றால், அது இன்னொரு நோடிடம் கேட்டு வாங்கித் தரும்.

இதற்கு மேல், 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்ற சேதியும் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். எட்சிடி என்ற தரவுத்தளத்தில் தலைமை நோடு மற்றவற்றுக்கு 100 மில்லி நொடிக்கு ஒருமுறை இதைச் சொல்கிறது. மாற்றாதவரை அதுதான் அளவு. கசாண்ட்ரா என்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு நோடும் நொடிக்கு ஒருமுறை வேறு சில நோடுகளோடு சேதி பரிமாறிக்கொள்கிறது. ஒரு வட்டு பழுதாகிப் புதிய நோடு சேர்ந்தால், அதன் பங்குக்கான தரவு முழுவதும் நெட்வொர்க் வழியே நகரும். ஒற்றைச் சர்வரில் வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே முடிந்துபோகிற வேலை, க்ளஸ்டரில் கம்பி வழியே நடக்கிறது. எனவே கம்பியைக் காப்பது வட்டைக் காப்பதற்குச் சமம்.

சில தரவுத்தளங்கள் நோடுகளுக்கு இடையே போவதைச் சுருக்கி அனுப்பும். அப்போது டிசிபிடம்பில் பெயர் முழுசாகத் தெரியாமல் துண்டு துண்டாகத் தெரியலாம். அதைப் பார்த்துப் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். சுருக்கியதை விரிக்க எந்தச் சாவியும் வேண்டாம். முறை தெரிந்த யாரும் விரித்துவிடலாம்.

பேச்சு எந்தெந்த வழிகளில் நடக்கிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. நோடுக்கும் நோடுக்கும் இடையே ஒன்று, செயலிக்கும் நோடுக்கும் இடையே ஒன்று, நிர்வாகிக்கும் நோடுக்கும் இடையே ஒன்று. கசாண்ட்ராவில் இவை தனித்தனி: நோடுகள் 7000 என்ற போர்ட்டிலும், செயலிகள் 9042இலும், நிர்வாகக் கருவிகள் 7199இலும் பேசும். எட்சிடியில் செயலிகளுக்கு 2379, நோடுகளுக்கு 2380. காக்ரோச்டிபியில் நோடுகளும் செயலிகளும் வழக்கமாக 26257இலேயே பேசும்; கண்காணிப்புப் பக்கம் 8080இல் இருக்கும். மாங்கோடிபியில் பெரும்பாலும் எல்லாமே 27017. தனித்தனியாக இருக்கும் இடத்தில் அமைப்புகளும் தனித்தனிதான். செயலிப் பக்கம் குறியாக்கத்தை (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவதை) இயக்கிவிட்டு, நோடுப் பக்கமும் சேர்ந்து இயங்கிவிட்டது என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்த்திருக்கும் தவறு.

'நம்ம நெட்வொர்க்தானே?'

உள்ளே நடக்கும் பேச்சுக்கு எதற்குப் பூட்டு என்று கேட்பவர்கள் உண்டு. 2013 அக்டோபர் இறுதியில் வெளிவந்த செய்தி அந்தக் கேள்விக்கு நல்ல பதில். அமெரிக்க உளவு அமைப்பின் முன்னாள் ஒப்பந்தப் பணியாளர் எட்வர்டு ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்களின்படி, கூகுளும் யாஹூவும் தங்கள் தரவு மையங்களை இணைக்கப் பயன்படுத்திய தனித் தடங்களை அமெரிக்க, பிரிட்டன் உளவு அமைப்புகள் ஒட்டுக் கேட்டன. அவை பொது இணையத் தடங்கள் இல்லை. நிறுவனங்களின் உள்பேச்சு ஓடிய தடங்கள். கூகுளை எடுத்துக்கொண்டால், பயனரின் பிரவுசரிலிருந்து வருவது குறியாக்கத்தோடு வந்தது. உள்ளே பிரதி எடுக்கும்போது அந்தக் காப்பு இல்லை. அதற்குப் பிறகு இரண்டு நிறுவனங்களும் தரவு மையங்களுக்கு இடையே போவதையும் குறியாக்கம் செய்தன.

உளவு அமைப்பு வரை போக வேண்டியதில்லை. அதே நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு பழைய, புதுப்பிக்காத சர்வர் வேறொருவர் கைக்குப் போனால் போதும். அங்கிருந்து மற்ற போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்க முடியும். ஒட்டுக் கேட்பதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. நோடுகள் ஒன்றையொன்று சரிபார்க்காத க்ளஸ்டரில், புதிதாக வரும் கணினி 'நானும் ஒரு நோடு' என்று சொன்னால் மற்றவை நம்பிவிடும். சரிபார்ப்பு இல்லாத கசாண்ட்ராவில் க்ளஸ்டரின் பெயரும் ஒரு நோடின் முகவரியும் தெரிந்து, அந்தப் போர்ட்டை எட்ட முடிந்தால், ஒருவர் தன் கணினியை உள்ளே சேர்த்துவிடலாம். சேர்ந்ததும் அதன் பங்குத் தரவை மற்ற நோடுகள் தாங்களாகவே அனுப்பி வைக்கும். திருட வேண்டியதே இல்லை.

குறியாக்கம் பாதி வேலைதான்

இனி டிஎல்எஸ். நோடுகளின் பேச்சைக் காக்க இன்று கிட்டத்தட்ட எல்லாத் தரவுத்தளங்களும் பயன்படுத்துவது இந்த நெறிமுறையைத்தான். 1990களில் பிரவுசர்களுக்காக எஸ்எஸ்எல் என்ற பெயரில் தொடங்கியது. 1999இல் டிஎல்எஸ் 1.0 ஆனது. 2008இல் 1.2, 2018இல் 1.3 வந்தன. 1.0, 1.1 இரண்டையும் கைவிடுமாறு 2021இல் முறைப்படி அறிவித்துவிட்டார்கள். உங்கள் கான்ஃபிக்கில் குறைந்தபட்சப் பதிப்பு 1.2 என்று இருக்கட்டும். எல்லா நோடுகளும் ஏற்றால் 1.3 மட்டும் போதும்.

டிஎல்எஸ் என்றதும் குறியாக்கம்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். அதில் பாதி உண்மை. மறு பாதியை விட்டுவிட்டால் முதல் பாதிக்குப் பயனில்லை. ஏன் என்று பார்ப்போம்.

இரண்டு நோடுகள் இதுவரை பேசியதே இல்லை. அவற்றுக்கு இடையே இருக்கும் கம்பியை யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நிலையிலும் இரண்டும் பேசி ஒரு பொது ரகசியத்தை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று 1976இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் காட்டினார்கள். இருவரும் ஆளுக்கொரு ரகசிய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து கணக்கிட்ட இன்னொரு எண்ணை மட்டும் வெளியே சொல்கிறார்கள். எதிராளி சொன்னதையும் தன் ரகசியத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் இருவருக்கும் ஒரே விடை வரும். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு வெளியே சொன்ன இரண்டு எண்கள் மட்டும் கிடைக்கும். அவற்றிலிருந்து விடைக்குப் போக நடைமுறையில் வழியில்லை. அந்த விடையைச் சாவியாக வைத்துத்தான் பிறகு நடக்கும் பேச்சு முழுவதும் குறியாக்கம் ஆகிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் புதிய எண்கள் என்பதால், நாளை ஒரு சர்வரின் நிரந்தரச் சாவி திருடு போனாலும் நேற்று பதிவு செய்து வைத்த பேச்சைத் திறக்க முடியாது. டிஎல்எஸ் 1.3இன் சான்றிதழ் வழி இணைப்புகள் எல்லாவற்றிலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. இன்றும் எனக்கு வியப்பு தரும் கணக்கு இது.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதில்லை: மறுமுனையில் இருப்பது யார்? கம்பியைக் கேட்டுக்கொண்டிருந்தவர் நடுவில் புகுந்து, முதல் நோடோடு ஒரு ரகசியத்தையும் இரண்டாவது நோடோடு இன்னொரு ரகசியத்தையும் உருவாக்கிக்கொண்டால்? இரண்டு இணைப்புகளும் அருமையாகக் குறியாக்கம் ஆகியிருக்கும். நடுவில் இருப்பவர் ஒரு பக்கம் திறந்து படித்துவிட்டு, மறுபக்கம் பூட்டி அனுப்பிக்கொண்டிருப்பார். நோடுகளுக்கு எந்தச் சந்தேகமும் வராது. யாரென்று தெரியாதவரோடு கதவைச் சாத்திக்கொண்டு ரகசியம் பேசுவது போலத்தான் இது. அந்தக் 'யார்' என்ற கேள்விக்காகத்தான் சான்றிதழ்கள்.

ஒரு சான்றிதழைத் திறந்து படிப்போம்

ஒவ்வொரு நோடிடமும் ஒரு ஜோடிச் சாவி இருக்கும். தனிச் சாவி அந்த நோடை விட்டு வெளியே போகாது. பொதுச் சாவியை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். தனிச் சாவியால் கையொப்பம் இட்டதைப் பொதுச் சாவியால் சரிபார்க்க முடியும். சான்றிதழ் என்பது 'இந்தப் பொதுச் சாவி இன்னாருடையது' என்று நம்பகமான மூன்றாமவர் கையொப்பம் இட்டுத் தந்த சிறு கோப்பு. அந்த மூன்றாமவரைச் சான்றளிக்கும் அமைப்பு என்பார்கள், சுருக்கமாக சிஏ.

சும்மா வரையறை படித்தால் இது மனதில் தங்காது. ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியிடம் ஒரு நோடின் சான்றிதழைக் கொடுத்து எழுத்தாக விரிக்கச் சொல்லுங்கள். ஒரு திரை அளவுக்கு விவரங்கள் வரும். அவற்றில் ஐந்தைக் கவனித்துப் படித்தால் போதும்.

முதலில் 'இஷ்யூயர்', அதாவது கையொப்பம் இட்டவர். இங்கே உங்கள் சிஏவின் பெயர் இருக்க வேண்டும். அடுத்து 'சப்ஜெக்ட்', யாருக்காகத் தரப்பட்டது என்பது. சில தரவுத்தளங்கள் இந்தப் பெயருக்கு நேரடி அர்த்தம் கொடுக்கின்றன. காக்ரோச்டிபியில் நோடுகளின் சான்றிதழில் பொதுப்பெயர் 'நோட்' என்றே இருக்கும்; பயனருக்கான சான்றிதழில் அந்த இடத்தில் பயனர் பெயர் இருக்கும். அங்கே சான்றிதழே பாஸ்வேர்டின் வேலையையும் செய்துவிடுகிறது.

மூன்றாவதுதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம்: மாற்றுப் பெயர்களின் பட்டியல், எஸ்ஏஎன் என்பார்கள். இந்த நோடை எந்தெந்தப் பெயர்களிலும் ஐபி முகவரிகளிலும் மற்றவை அழைக்குமோ அவை எல்லாம் இங்கே இருக்க வேண்டும். நோடு ஒன்று நோடு இரண்டை ஐபி முகவரியால் அழைக்கிறது, ஆனால் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கிறது என்றால் இணைப்பு நடக்காது. 'இந்தச் சான்றிதழ் இன்ன பெயருக்குத்தான் செல்லும், நீ கேட்ட முகவரிக்குச் செல்லாது' என்ற பொருளில் லாக்கில் ஒரு வரி வரும். அந்த வரி ஒவ்வொரு எழுத்தும் உண்மை; அதைப் படித்து, பட்டியலைத் திருத்தினால் முடிந்தது. பழைய வழிகாட்டிகளில் சப்ஜெக்டின் பொதுப்பெயரில் சர்வர் பெயரைப் போட்டால் போதும் என்று எழுதியிருக்கும். அது இப்போது செல்லாது. கோ மொழியில் எழுதிய தரவுத்தளங்களை எடுத்துக்கொண்டால், 2020இல் வந்த கோ 1.15 முதலே சர்வரின் பெயரைச் சரிபார்க்க அந்த இடத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். வரும் இணைப்புகளை நோடுகளுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் வழியே செயலிகள் வருமானால் அதன் பெயரையும் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள்.

நான்காவது, பயன்பாட்டு நோக்கம். சாதாரண வலைத்தளத்தின் சான்றிதழுக்கு 'சர்வராக இருக்கலாம்' என்ற ஒரு நோக்கம் போதும். நோடின் கதை வேறு. நோடு ஒன்று நோடு இரண்டை அழைக்கும்போது ஒன்று கிளையன்ட், இரண்டு சர்வர். அடுத்த கணமே இரண்டு திரும்ப அழைக்கும். இப்போது பாத்திரம் மாறிவிட்டது. எனவே நோடின் சான்றிதழில் 'சர்வராக இருக்கலாம்', 'கிளையன்டாக இருக்கலாம்' என்ற இரண்டு நோக்கங்களும் இருக்க வேண்டும். வலைத்தளத்துக்கு எடுக்கும் பழக்கத்தில் ஒன்றை மட்டும் போட்டுவிட்டால், செயலிகள் எல்லாம் ஒழுங்காக இணையும், நோடுகள் மட்டும் ஒன்றோடொன்று சேர மறுக்கும். காரணம் தெரியாதவரை தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கிற பிழை இது.

ஐந்தாவது, எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்பது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இரண்டு பக்கமும் காட்ட வேண்டும்

பிரவுசரில் ஒரு தளத்தைத் திறக்கும்போது தளம் மட்டும்தான் சான்றிதழ் காட்டுகிறது. உங்களிடம் யாரும் கேட்பதில்லை. நோடுகளுக்கு இடையே இது போதாது. அழைத்தவரும் காட்ட வேண்டும், அழைக்கப்பட்டவரும் காட்ட வேண்டும். இதைத்தான் எம்டிஎல்எஸ், அதாவது இருபக்க டிஎல்எஸ் என்கிறோம். முன்னே சொன்ன 'நானும் ஒரு நோடு' என்று வருகிறவரை வாசலிலேயே நிறுத்துவது இதுதான்.

வருத்தமான விஷயம், பல தரவுத்தளங்களில் குறியாக்கத்தை இயக்கினால் இது தானாக இயங்கிவிடாது. கசாண்ட்ராவில் நோடுகளுக்கு இடையிலான குறியாக்கத்தை 'ஆல்' என்று வைத்தாலும், அழைப்பவரிடம் சான்றிதழ் கேட்பது இன்னோர் அமைப்பு, சான்றிதழில் உள்ள பெயரைச் சரிபார்ப்பது வேறோர் அமைப்பு. இரண்டும் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அதே இடத்தில் 'டிசி' என்று வைத்தால் தரவு மையங்களுக்கு இடையே போவது மட்டும் குறியாக்கம் ஆகும். ஒரே மையத்துக்குள் போவது திறந்தே போகும். எட்சிடியில் நோடுகள் தாங்களாகவே சான்றிதழ் தயாரித்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. அதில் பேச்சு குறியாக்கம் ஆகும், ஆள் சரிபார்ப்பு நடக்காது. சோதனைக்குச் சரி; நிஜ க்ளஸ்டருக்கு வேண்டாம். எட்சிடி விஷயத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல சர்வர்களில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் தன் முழு நிலையையும், ரகசியங்கள் உட்பட, எட்சிடியில்தான் வைக்கிறது. அந்தப் போர்ட்டில் தடையின்றி எழுத முடிகிறவர் மொத்த அமைப்பையும் கையில் எடுத்துவிடலாம்.

செயலிப் பக்கமும் இதே கண்ணி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் நெறிமுறையில் பேசும் செயலிகளுக்கு 'எஸ்எஸ்எல் மோடு' என்று ஓர் அமைப்பு. 'ரிக்வயர்' என்று வைத்தால் குறியாக்கம் கட்டாயம் ஆகும். ஆனால் சிஏவின் சான்றிதழைத் தராதபோது மறுமுனையில் இருப்பது யார் என்று அது பார்ப்பதில்லை. 'வெரிஃபை ஃபுல்' என்று வைத்தால்தான் கையொப்பம், பெயர் இரண்டையும் சரிபார்க்கும். பெயரைப் பார்த்தால் ரிக்வயரே போதும் என்று தோன்றும். போதாது.

செய்யும் முறை

சிஏவை நீங்களே வைத்துக்கொள்ளலாம். க்ளஸ்டருக்குள் நடக்கும் பேச்சுக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. வெளியில் உள்ள பொது சிஏவை நம்பினால், அது உலகில் யாருக்கெல்லாம் சான்றிதழ் தந்திருக்கிறதோ அவர்கள் எல்லோரையும் உங்கள் நோடுகள் ஒரு படி நம்ப வேண்டியிருக்கும். உங்களுடைய சிஏ உங்கள் நோடுகளுக்கு மட்டும் கையொப்பம் இடும்.

காக்ரோச்டிபியில் இதற்கான கட்டளைகள் உள்ளேயே இருக்கின்றன: சிஏவை உருவாக்க ஒன்று, நோடுக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று. மற்றவற்றுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் போதும். பெரிய அமைப்புகளில் சாவிகளையும் சான்றிதழ்களையும் நிர்வகிக்கும் வால்ட் போன்ற கருவிகள் வைத்திருப்பார்கள். எதை எடுத்தாலும் வரிசை இதுதான். க்ளஸ்டரில் இல்லாத ஒரு கணினியில் சிஏவை உருவாக்குங்கள். ஒவ்வொரு நோடுக்கும் தனித் தனிச் சாவி, தனிச் சான்றிதழ். எல்லா நோடுகளுக்கும் ஒரே சான்றிதழைப் பிரதி எடுத்துப் போட்டாலும் ஓடும்தான். ஆனால் ஒரு நோடு கைமாறிவிட்டால் எல்லா நோடுகளின் அடையாளமும் போய்விடும். ஒவ்வொரு நோடிலும் இருக்க வேண்டியவை மூன்று கோப்புகள்: அதன் தனிச் சாவி, அதன் சான்றிதழ், சிஏவின் சான்றிதழ். சிஏவின் தனிச் சாவி எந்த நோடுக்கும் போகவே கூடாது. அது கிடைத்தவர் எத்தனை போலி நோடுகளுக்கு வேண்டுமானாலும் கையொப்பம் இடலாம். அதை நெட்வொர்க்கோடு சேராத இடத்தில் பூட்டி வையுங்கள். எங்கே வைத்தோம் என்பது குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்கட்டும். நோடில் உள்ள தனிச் சாவிக் கோப்பைத் தரவுத்தளம் ஓடும் பயனர் மட்டுமே படிக்கும்படி அனுமதியை 600 என்று வைக்க வேண்டும். தளர்வாக இருந்தால் காக்ரோச்டிபி போன்றவை தொடங்கவே மறுக்கும். அந்த மறுப்பு நல்லது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் க்ளஸ்டரில் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. முதல் நோடு குறியாக்கத்தை மட்டும் ஏற்கத் தொடங்கினால் மற்றவற்றோடு தொடர்பு அறுந்துவிடும். இதற்காகவே மாங்கோடிபியில் படிகள் வைத்திருக்கிறார்கள். 'அலோ டிஎல்எஸ்' நிலையில் நோடுகள் தங்களுக்குள் பழைய மாதிரியே பேசும், ஆனால் குறியாக்கத்தோடு வருவதையும் ஏற்கும். எல்லா நோடுகளும் அங்கே வந்த பிறகு 'ப்ரிஃபர் டிஎல்எஸ்'. இப்போது தங்களுக்குள் குறியாக்கத்தோடு பேசும், பழைய செயலிகளையும் ஏற்கும். செயலிகள் எல்லாம் மாறிய பிறகு 'ரிக்வயர் டிஎல்எஸ்'. கசாண்ட்ரா 4.0 முதல் 'ஆப்ஷனல்' என்ற அமைப்பு இதே வேலையைச் செய்கிறது. நடுப் படியில் வேலை எல்லாம் சரியாக ஓடுவதால் அங்கேயே நின்றுவிடத் தோன்றும். நின்றால் திறந்த வழி திறந்தேதான் இருக்கும். கடைசிப் படிக்கு ஒரு தேதி குறித்துவிட்டு முதல் படியைத் தொடங்குங்கள்.

முடித்ததும் டிசிபிடம்பை மறுபடி ஓட்டுங்கள். பெயரும் எண்ணும் தெரியக் கூடாது. அது பாதிச் சோதனை. மறு பாதி, தோற்க வேண்டியவை தோற்கின்றனவா என்று பார்ப்பது. குறியாக்கம் இல்லாமல் இணைந்து பாருங்கள், மறுக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் நோடு போர்ட்டில் இணைந்து பாருங்கள், மறுக்க வேண்டும். வேறொரு சிஏவைத் தற்காலிகமாக உருவாக்கி, அதன் கையொப்பத்தோடு ஒரு போலி நோடுச் சான்றிதழ் தயாரித்து இணைந்து பாருங்கள். அதையும் மறுக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் செய்வதில்லை. எனக்கு அதுதான் மிக முக்கியமான சோதனை.

இதனால் வேகம் குறையுமா என்று கேட்பார்கள். இணைப்பு தொடங்கும்போது கொஞ்சம் கணக்கு வேலை உண்டு. நோடுகள் ஒருமுறை இணைந்தால் நெடுநேரம் அதே இணைப்பில் பேசுவதால் அந்தச் செலவு எப்போதாவதுதான் வரும். பிறகு ஏஇஎஸ் என்ற முறையில் நடக்கும் குறியாக்கத்துக்கு இன்றைய சர்வர் ப்ராசசர்களில் தனிக் கட்டளைகளே இருக்கின்றன. செயலி ஒவ்வொரு கேள்விக்கும் புது இணைப்பு திறந்துகொண்டிருந்தால் மட்டும் வேகம் குறைவதை உணர்வீர்கள். கனெக்‌ஷன் பூல் (திறந்த இணைப்புகளை வைத்திருந்து திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது) வைத்தால் சரியாகிவிடும்.

காலாவதி நாள்

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மூன்று நோடுகள் கொண்ட க்ளஸ்டர் ஒன்று இருந்தது. கெர்னல் புதுப்பிப்புக்காக மூன்றாவது நோடை ஒரு மாலை ரீபூட் செய்தோம். அது திரும்ப வந்தது, ஆனால் க்ளஸ்டரில் சேரவில்லை. மற்ற இரண்டும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று பேரில் இரண்டு பேர் இருந்தால் பெரும்பான்மை உண்டு. செயலிகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. முதல் நோடையும் ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். செய்தோம். அதுவும் சேரவில்லை. இப்போது மூன்றில் ஒன்றுதான் மிச்சம். பெரும்பான்மை போய்விட்டது, எழுதுவது எல்லாம் நின்றுவிட்டது.

அதன் பிறகுதான் லாக்கை நிதானமாகப் படித்தோம். மூன்று சான்றிதழ்களும் ஒரே நாளில் எடுத்தவை, ஒரே நாளில் காலாவதி ஆனவை. அந்த நாள் போய் ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. ஒன்பது நாட்களாக ஏன் ஒன்றும் ஆகவில்லை? டிஎல்எஸ் சான்றிதழைப் பார்ப்பது இணைப்பு தொடங்கும்போதுதான். திறந்த இணைப்பு திறந்தே இருக்கும்வரை அதை மறுபடி பார்ப்பதில்லை. நோடுகள் பழைய இணைப்புகளிலேயே பேசிக்கொண்டிருந்தன. ரீபூட் செய்த நோடு புது இணைப்பு கேட்டது. அப்போதுதான் தேதி கேள்வியாக வந்தது. சிஏவின் தனிச் சாவி பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் அது எங்கே என்று தெரிந்தவர் ஒரே ஒருவர். அவரைப் பிடித்து, புதிய சான்றிதழ்களுக்குக் கையொப்பம் இட்டு, நோடுகளை மீட்கும்போது நள்ளிரவு தாண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நான் அமைக்கும் க்ளஸ்டர்களில் நோடுகளின் சான்றிதழ்கள் ஒரே நாளில் முடியாதபடி தேதிகளைத் தள்ளித் தள்ளி வைக்கிறேன். ஒரு நோடு சேர மறுத்தால், மற்ற நோடுகளைத் தொடுவதற்கு முன் லாக்கையும் தேதியையும் பார்க்கிறேன். சர்வர்களின் கடிகாரம், நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி வழியே, ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்கிறேன்; கடிகாரம் பின்தங்கிய நோடுக்குப் புத்தம்புதுச் சான்றிதழ்கூட 'இன்னும் தொடங்காத' சான்றிதழாகத் தெரியும். சிஏவையே மாற்ற வேண்டிய நாள் வந்தால், பழைய சிஏ, புதிய சிஏ இரண்டையும் நம்பும்படி எல்லா நோடுகளின் கோப்பையும் முதலில் மாற்றிவிட்டு, பிறகு நோடுகளின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில்தான் பழையதை நீக்க வேண்டும். இந்த வரிசை பிசகினால் க்ளஸ்டர் இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

புதிய கோப்பைப் போட்டதோடு வேலை முடிந்தது என்றும் இருந்துவிட முடியாது. காக்ரோச்டிபிக்கு சிக்ஹப் என்ற சிக்னலை அனுப்பினால் நிறுத்தாமலே புதிய சான்றிதழை எடுத்துக்கொள்ளும், மாங்கோடிபி 5.0 முதல் அதற்கென ஒரு கட்டளை இருக்கிறது, கசாண்ட்ரா 4.0 தானாகவே கோப்பு மாறியதைக் கவனிக்கும். இவற்றில் ஏதோ ஒன்று நடக்காவிட்டால் வட்டில் புதியதும் நினைவகத்தில் பழையதுமாக நோடு ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நான் தேதியைக் கோப்பிலிருந்து படிப்பதில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல்லைக் கொண்டு ஒவ்வொரு நோடின் ஒவ்வொரு போர்ட்டோடும் நிஜமாகவே இணைந்து, அந்த நொடியில் அது காட்டும் சான்றிதழின் கடைசி நாளை எடுக்கும் சிறு ஸ்கிரிப்ட் தினமும் ஓடுகிறது. முப்பது நாளுக்குக் குறைவாக இருந்தால் எனக்கும் இன்னொருவருக்கும் சேதி வரும்.